வக்கீல் அண்ணாச்சி பதில்கள்: கம்பெனி நீட்டுற 5 லட்சத்துக்குக் கையெழுத்து போடலாமா?

கார்த்திகை பொறந்துட்டா செங்கோட்டை ஆரியங்காவு ரோட்டுல சபரிமலை வண்டி, சிமெண்ட் லாரி, காய்கறி லோடு எல்லாம் நெருக்கியடிச்சு மலை ஏறும், கூடவே எனக்கு வர்ற லெட்டரும் ஏறும். இந்தத் தடவை பாதிக்கு மேல ஆக்சிடெண்ட் கேள்விதான், எல்லாரும் சுத்திச் சுத்தி ஒண்ணைத்தான் கேக்காங்க, வக்கீல்ட்ட போகணுமா இல்ல போகாமலே முடிச்சிக்கிடலாமா. வக்கீல்ட்டயே இதைக் கேட்டா வான்னுதானே சொல்லுவான்னு நெனைக்காதீங்க, கீழ ஒருத்தரை வேண்டாம்னு திருப்பியும் அனுப்பிருக்கேன்.

வாசகி, புளியரை பக்கம்: வக்கீல் அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரங்க மெக்கானிக் வேலை பாத்தாங்க, வயசு 38, மாசம் ஒரு 15,000 கொண்டு வருவாங்க. மூணு மாசத்துக்கு முன்னால தென்மலை தாண்டி பைக்ல போகையில கேரளா லாரி மோதி அங்கயே போயிட்டாங்க. ரெண்டு பிள்ளைக, மாமியாரும் என்கூடத்தான். இப்போ லாரியோட இன்சூரன்ஸ் கம்பெனில இருந்து ஒருத்தர் வந்து, யார் மேல தப்புன்னு பேசவே வேண்டாம், கோர்ட்டு அலைச்சல் இல்ல, 5 லட்சம் வந்துரும், கையெழுத்து போடுங்கம்மான்னு சொல்லுதார். கொழுந்தனாரும் போட்டுருன்னு சொல்லுதாங்க. போடட்டுமா?

இப்போ போடாதீங்க தங்கச்சி. அவர் சொன்னது பொய்னு சொல்ல வரல. மோட்டார் வாகனச் சட்டத்துல 164ஆம் பிரிவுன்னு ஒண்ணு 2022 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்கு, வண்டி மோதி ஆள் இறந்தா 5 லட்சம், பலத்த காயம்னா 2.5 லட்சம், யார் மேல தப்புன்னு நிரூபிக்கவே தேவையில்ல, வண்டிக்காரர் இல்லன்னா அவரோட இன்சூரன்ஸ் கம்பெனி குடுத்தே ஆகணும். தப்பு பாக்காம குடுக்கிற காசுன்னு இதைச் சொல்லுதது சரிதான். முன்னாடி இதே மாதிரி 140ஆம் பிரிவுல 50,000 குடுத்துட்டு இருந்தாங்க, ஆனா அது முன்பணம் மாதிரி, அதை வாங்கிட்டு மிச்சத்துக்குத் தனியா வழக்கு நடத்தலாம். நம்ம ஊர்ல பல பேர் இன்னமும் அந்தப் பழைய ஞாபகத்துலயே, இதை வாங்கிட்டு அப்புறம் பாத்துக்கிடலாம்னு சொல்லுதாங்க. இப்போ அப்படி இல்ல. தப்பை நிரூபிச்சு முழு நஷ்டஈடு கேக்குற 166ஆம் பிரிவுல தெளிவா எழுதிருக்கு, கம்பெனி முன்வைக்கிற 164 தொகையை நீங்க ஒத்துக்கிட்டா, பெருசா கேட்டுப் போட்ட மனு அத்தோட காலாவதி. கையெழுத்து போட்ட பிறகு என்கிட்ட வந்தா நான் ஒரு காபி வாங்கித் தரலாம், வேற ஒண்ணும் பண்ண முடியாது.

அந்தப் பெரிய மனுல என்ன வரும்னு கேப்பீங்க, கணக்கைப் போட்டே காட்டுதேன். சுப்ரீம் கோர்ட்டு 2009லயும் 2017லயும் சொன்ன கணக்குதான் நாடு முழுக்க ஓடுது. மாச வருமானம் 15,000, சொந்தத் தொழில், வயசு 40க்குக் கீழ, அதனால எதிர்காலத்துல கூடியிருக்கும்னு 40 சதவீதம் சேர்த்தா 21,000. நம்பி இருக்கிறவங்க நாலு பேர், அதனால உங்க வீட்டுக்காரங்க சொந்தச் செலவுன்னு நாலுல ஒரு பங்கைக் கழிச்சா 15,750. வருஷத்துக்கு 1,89,000. 36ல இருந்து 40 வயசுக்குப் பெருக்குற எண் 15. ஆக 28,35,000. இதுக்கு மேல மனைவி, பிள்ளைக, தாயார் ஆளாளுக்கு ஒரு தொகை, இறுதிச் சடங்குக்கு ஒரு தொகை, வட்டி வேற. அந்தாளு நீட்டுறது 5.

சரி, 15,000க்கு ஆதாரம் இல்ல, நோட்டுல எழுதி வாங்குற ஆளா அவங்க, கோர்ட்டு 10,000தான் எடுத்துக்கிடும்னே வச்சுக்கோங்க, அப்பவும் 18,90,000 வருது. லாரிக்காரன் வக்கீல் வந்து பைக் வளைவுல உள்ள வந்துட்டு, பாதித் தப்பு இவங்க மேலன்னு நிரூபிச்சே புடுறாருன்னு வைங்க, பாதி போனாலும் 9,45,000. அதான் சொல்லுதேன், 38 வயசுல சம்பாதிச்சுட்டு இருந்த மனுஷனுக்கு 5 லட்சம்ங்கிறது, தப்பு முழுக்க அவங்க மேலதான்னு ரெக்கார்டு அடிச்சுச் சொன்னாத்தான் நல்ல பேரம்.

அந்த ரெக்கார்டு என்ன சொல்லுதுன்னு பாக்கத்தான் வக்கீல் வேணும். எஃப்.ஐ.ஆர் மலையாளத்துல இருக்கும், கேரளா போலீசோட துணா தளத்துலயே எறக்கிக்கிடலாம். அதோட மஹசர், அதாவது சம்பவ இடத்தைப் பாத்து போலீஸ் எழுதுற குறிப்பு, வண்டியைப் பாத்த மோட்டார் வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், கடைசில போலீஸ் போடுற சார்ஜ் ஷீட்டு யார் மேலங்கிறது. மஹசர்ல ஒரு ஸ்கெட்ச் வரைஞ்சிருப்பாங்க, ரோட்டோட எந்த ஓரத்துல இருந்து எத்தனை மீட்டர்ல மோதல்னு, பாதி கேஸு அந்த ஒரு வரிலதான் நிக்கும், அதை மலையாளம் படிக்கத் தெரிஞ்ச வக்கீல்ட்ட குடுங்க, நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சமில்ல.

கேரளாவுல நடந்ததுனால புனலூருக்கும் கொல்லத்துக்கும் அலையணும்னு யாராவது பயமுறுத்துனா நம்பாதீங்க. நீங்க குடியிருக்கிற ஊர் எந்த டிரிப்யூனலுக்கு, அதாவது ஆக்சிடெண்ட் நஷ்டஈடு கோர்ட்டுக்கு, உட்பட்டதோ அங்கயே மனு போடலாம்னு சட்டம் சொல்லுது, தென்காசி மாவட்டத்துலயே போடலாம். சில நேரம் நானே கேரளாவுலயே போடுங்கன்னு சொல்லுததும் உண்டு, ஏன்னா போலீஸ் சாட்சி, ஆஸ்பத்திரி டாக்டர் எல்லாம் அந்தப் பக்கம், பேப்பரை மொழிபெயர்க்கிற வேலையும் மிச்சம். இதை ரெண்டு பக்கமும் கேஸ் நடத்துற ஆளா பாத்துக் கேளுங்க.

நாள் கணக்கை மறக்காதீங்க. ஆக்சிடெண்ட் நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு இப்போ சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுல வழக்கு நடக்கு, லேட்டுங்கிற ஒரே காரணத்துக்காக இப்போதைக்கு மனுவைத் தள்ளக் கூடாதுன்னு 2025 நவம்பர்ல ஒரு இடைக்கால உத்தரவும் இருக்கு, ஆனா அதை நம்பி வீட்டுல உக்காந்துராதீங்க. உங்களுக்கு மூணு மாசம் போயிட்டு, மிச்சம் மூணு.

ஒரே ஒரு எதிர்க் கணக்கும் சொல்லிருதேன், இல்லன்னா நான் ஒருபக்கமா பேசுதேன்னு ஆயிரும். இறந்தது 67 வயசு ஆள், மாசம் 6,000 சம்பாத்தியம், வீட்டுல ரெண்டு பேர் அவரை நம்பி இருந்தாங்கன்னு வைங்க. மூணுல ஒரு பங்கு கழிச்சா 4,000, வருஷம் 48,000, அந்த வயசுக்குப் பெருக்கு எண் 5தான், ஆக 2,40,000. மத்த தலைப்புல வாரதைச் சேர்த்தாலும் 5 லட்சத்தைத் தொடுறது கஷ்டம். அந்த வீட்டுக்காரங்க வந்தா, பேசாம 164ல வாங்கிட்டுப் போங்கன்னுதான் சொல்லுவேன்.

கடைசியா, ஆஸ்பத்திரி மார்ச்சுவரி வாசல்லயே வக்காலத்துல கையெழுத்து வாங்குற ஆளுக ரெண்டு ஸ்டேட்டுலயும் உண்டு, 'செலவு எங்களோடது, வாரதுல இத்தனை சதவீதம்'னு பேசுவான். ஜெயிச்சா பங்குன்னு வக்கீல் பேசவே கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. எழுதாத பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. காசு இல்லையேன்னு தயங்கவும் வேண்டாம், பொம்பளையாளுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் போடுங்க, இல்ல நேரா தாலுகா கோர்ட்டு வளாகத்துலயே கேளுங்க.

வாசகர், கொழிஞ்சாம்பாறை: வணக்கம்ங்ணா. வாளையார்கிட்ட டிராஃபிக்ல நிக்கறப்ப பின்னாடி வந்த கார் நம்ம கார்ல இடிச்சுருச்சுங்க, பம்பரும் டிக்கியும் போச்சு, யாருக்கும் அடி இல்லீங்க. ஒர்க்‌ஷாப்ல 38,000 சொல்றாங்க, இன்சூரன்ஸ்காரங்க 21,000தான் தருவோம்ங்கறாங்க. கேஸ் போட்டு மிச்சத்த வாங்கிரலாமுங்களா?

போடாதீங்க தம்பி, 17,000 ரூவாய்க்கு வக்கீல் வச்சா அந்த 21ம் எனக்கே வந்துரும். மொதல்ல உங்க பாலிசில தேய்மானம் கழிக்காத கவர் இருக்கான்னு பாருங்க, அது இல்லன்னா பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் வரும், அது ஏமாத்து இல்ல, நீங்க வாங்கின பாலிசியே அப்படி. அதுக்கு மேலயும் சர்வேயர் அநியாயமா கழிச்சிருக்காருன்னு தோணினா கம்பெனிக்கு எழுத்துல ஒரு புகார் குடுங்க, ஒரு மாசம் பாருங்க, பதில் சரியில்லன்னா இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகாரைத் தீர்த்து வைக்கிற அதிகாரி, உங்களுக்கு கொச்சி ஆபீஸ். அங்க ஃபீஸ் கிடையாது, வக்கீலை உள்ளயே விட மாட்டாங்க, நீங்களேதான் பேசணும், எனக்குப் பிடிச்ச இடம் அது.

ஒண்ணு மட்டும், அன்னைக்கு அடி இல்லன்னு நெனச்சிட்டு மறுவாரம் வண்டில இருந்த யாருக்காவது கழுத்து வலி, கை மரத்துப் போறதுன்னு வந்தா உடனே ஆஸ்பத்திரில காட்டி, ஆக்சிடெண்ட்னு சீட்டுல எழுத வைங்க. அப்போ கதை வேற, அப்போ வாங்க.

வாசகி, கம்பம்: அய்யா, நாங்க ஏலக்காட்டு வேலைக்கு தெனம் ஜீப்புல குமுளி வழியா மேல போறவங்க. போன மாசம் எறக்கத்துல ஜீப்பு கவுந்துருச்சு, உள்ள 14 பேரு. எனக்குக் கால் எலும்பு முறிஞ்சு பிளேட்டு வச்சிருக்காங்க. ஜீப்புக்காரரு தெரிஞ்சவருதான், ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்கிறேன், கேஸுன்னு போயிராதக்கான்னு கும்புடுறாரு. பாவமாவும் இருக்கு. என்ன செய்யட்டும்?

பாவம்தான்மா, ஆனா பிளேட்டு வச்ச கால் ஆறு மாசம் கழிச்சு ஏலக்காட்டுச் சரிவுல நிக்குமான்னு அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தச் செலவை அவர் பாக்க முடியுமா? எலும்பு முறிவுன்னாலே சட்டத்துல பலத்த காயம், அதுக்கு 164ல 2.5 லட்சம் உறுதி. நீங்க பயணி, உங்க மேல தப்புன்னு யாரும் சொல்லவே முடியாது, அதனால 166லயும் பலமான கேஸ்தான். இனிமே பழையபடி வேலை செய்ய முடியலன்னு மெடிக்கல் போர்டு இத்தனை சதவீத ஊனம்னு எழுதினா தொகை 2.5 லட்சத்தைத் தாண்டவும் வாய்ப்பு உண்டு. அதனால சிகிச்சை முடிஞ்சு கால் எப்படின்னு தெரியுற வரைக்கும் எந்தத் தொகைக்கும் சரின்னு சொல்லாதீங்க, மனுவை மட்டும் ஆறு மாசத்துக்குள்ள போட்டு வச்சிருங்க, தேனி மாவட்டத்துலயே போடலாம்.

கேஸ் போட்டா ஜீப்புக்காரர் ஜெயிலுக்குப் போயிருவார்னு நெனைக்கீங்க, நஷ்டஈடு மனு வேற, போலீஸ் கேஸ் வேற. பாலிசி உயிரோட இருந்தா காசு குடுக்க வேண்டியது கம்பெனி. ஆனா இங்கதான் சிக்கல், இந்த மாதிரி ஜீப்பு பலதும் சொந்த உபயோகம்னு பதிவு பண்ணிட்டு ஆள் ஏத்துறது, அதுவும் அனுமதி எத்தனை பேருக்கோ அதுக்கு மேல. கம்பெனி ரெண்டையும் பிடிச்சிக்கிடும், வாடகைக்கு ஓட்டினான், நான் பொறுப்பில்லன்னும், ஆள் கூடிப்போச்சு, அனுமதிச்ச எண்ணிக்கைக்கு மட்டும்தான் தருவேன்னும். ரெண்டாவதுக்கு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே இருக்கு, அனுமதிச்ச எண்ணிக்கை அளவுக்குக் கம்பெனி கட்டும், அதை எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டு மிச்சத்துக்கு ஓனர் பொறுப்பு. 14 பேரும் தனித்தனியா ஆளுக்கொரு வக்கீலைப் பிடிச்சு ஆளுக்கொரு கதை சொன்னா எல்லாருக்கும் குறையும். ஒண்ணா ஒரே வக்கீல்ட்ட போங்க, இதுக்கு வக்கீல் கட்டாயம்.

எஸ்டேட்டு வேலைக்குப் போற வழின்னு தொழிலாளி நஷ்டஈடா கேக்குற பாதையும் இருக்கு, ஆனா ரெண்டுல ஒண்ணுதான், எது லாபம்னு கணக்குப் பாத்துட்டு எறங்கணும். இன்னொண்ணு ஊர்ல எல்லாருக்கும் சொல்லுங்க, ரோட்டு விபத்துன்னா திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரில ஏழு நாள் வரைக்கும் 1.5 லட்சம் காசு கட்டாம சிகிச்சைன்னு 2025 மே மாசத்துல இருந்து மத்திய அரசு திட்டம் இருக்கு, 112க்கு அடிச்சா ஆஸ்பத்திரியைச் சொல்லுவாங்க. யாரும் கேக்கிறதில்ல, கேக்காததுனால யாரும் சொல்லுறதும் இல்ல.

வாசகர், களியக்காவிளை: என் பைக்கை அக்கா மகன் எடுத்துட்டுப் போய் பாறசாலைல ஒரு பெரியவரை இடிச்சிட்டான். அவனுக்கு வயசு 20, லைசென்ஸ் இல்லை. பெரியவர் குடும்பம் கேஸ் போட்டு எனக்கு நெய்யாற்றின்கரையில் இருந்து சம்மன் வந்திருக்கு. பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கு, கம்பெனி வக்கீலே பார்த்துக்குவார், நான் போக வேண்டாம்னு ஏஜெண்ட் சொல்றார். சரியா?

தப்பு, பெரிய தப்பு. இந்த மாச லெட்டர்லயே அவசரமா வக்கீல் வேணும்னா அது உங்களுக்குத்தான். கம்பெனி வக்கீல் கம்பெனிக்கு வக்கீல், உங்களுக்கு இல்ல. அவர் கோர்ட்டுல போய் மொத வரியா என்ன சொல்லுவார் தெரியுமா, ஓட்டினவனுக்கு லைசென்ஸ் இல்ல, ஓனர் பாலிசி நிபந்தனையை மீறிட்டார், நாங்க பொறுப்பில்லன்னு. கோர்ட்டும் பெரியவர் குடும்பம் அலையக் கூடாதேன்னு, நீ குடுத்துட்டு ஓனர்ட்ட வசூல் பண்ணிக்கோன்னு உத்தரவு போடும். அந்த ஓனர் நீங்கதான். நீங்க போகலன்னா எக்ஸ்பார்ட்டி ஆக்கிருவாங்க, உங்க பக்கத்தைச் சொல்ல ஆளே இருக்காது, ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டு ஜப்திக்கு நோட்டீஸ் வரும்போதுதான் விஷயமே தெரியும். நான் பாத்திருக்கேன்.

அவன் சாவியைக் கேட்டு வாங்கினானா, கேக்காம எடுத்தானா, லைசென்ஸ் இருக்குன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தானா, இதெல்லாம் நீங்க வேணும்னே மீறினீங்களாங்கிறதுக்குப் பதில். ஆனா உண்மையை மட்டும் சொல்லுங்க, மருமகனைக் காப்பாத்தலாம்னு ஓட்டினது நான்தான்னு மாத்திச் சொல்லிராதீங்க, ஆஸ்பத்திரி சீட்டுலயும் எஃப்.ஐ.ஆர்லயும் அவன் பேர் இருக்கும், இன்சூரன்ஸும் போயி பொய் சாட்சி வேற சேரும். பையன் 18க்குக் கீழ இருந்திருந்தா இன்னும் மோசம், வண்டி குடுத்தவருக்கே 25,000 அபராதமும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலும் சட்டத்துல இருக்கு.

வாசகர், செங்கோட்டை: மகன் நியூயார்க்ல இருக்கான் அண்ணாச்சி, கார் ஆக்சிடெண்ட்ல மணிக்கட்டு முறிஞ்சிருக்கு. அங்க நோ ஃபால்ட் இன்சூரன்ஸாம், வக்கீலே வேண்டாம்னு கூட்டாளிக சொல்லுதாங்களாம்.

பாதி சரி. அங்க ஆஸ்பத்திரி செலவும் சம்பள நஷ்டத்துல ஒரு பங்கும், தப்பு யார் மேலனாலும், அவன் இருந்த வண்டியோட கம்பெனியே தரும், அடிப்படைக் கவர் 50,000 டாலர், அதுக்கு வக்கீல் தேவையில்ல, ஆனா 30 நாளுக்குள்ள எழுத்துல தெரிவிச்சிரணும், அந்தக் கெடுவைத் தவற விட்டுராம இன்னைக்கே பையனுக்கு போன் போட்டுச் சொல்லுங்க. வலி, வேதனைக்குன்னு இடிச்சவன் மேல வழக்கு போடணும்னா காயம் 'சீரியஸ்'னு சட்டம் சொல்லுற லிஸ்ட்ல இருக்கணும், எலும்பு முறிவு அந்த லிஸ்ட்ல இருக்கு. அதனால உங்க பையன் ஒரு தடவை வக்கீலைப் பாக்கட்டும். ஜெயிச்சா பங்குன்னு அங்க வக்கீல் பேசலாம், சட்டப்படி சரி, இங்க நான் பேசினா வக்கீல் தொழில் பாக்குற என் சன்னதைப் புடுங்கிருவாங்க.

வாசகர், ஆரியங்காவு: இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது, நம்பர் யாரும் பார்க்கவில்லை. அண்ணனுக்குத் தொடை எலும்பு முறிவு. யார் மேல் கேஸ் போடுவது?

வண்டியே தெரியலன்னா டிரிப்யூனல் இல்ல, அரசாங்கத்தோட ஹிட் அண்ட் ரன் திட்டம்தான், பலத்த காயத்துக்கு 50,000, இறந்தா 2 லட்சம். மனுவை ஆக்சிடெண்ட் நடந்த இடத்தோட வருவாய் அதிகாரிட்ட குடுக்கணும், இதுல நம்ம ஊர், உங்க ஊர்னு தேர்ந்தெடுக்க முடியாது. இதுக்கு வக்கீல் வேண்டாம். ஆனா மனு குடுக்கிறதுக்கு முன்னால ஒரு வேலை பண்ணுங்க, ரெண்டு பக்கத்துச் செக்போஸ்ட்டுலயும் கேமரா இருக்கு, எந்த நேரம்னு சொல்லி அந்தப் பதிவை எடுக்கச் சொல்லி போலீஸ்ட்ட எழுத்துல குடுத்து ரசீது வாங்குங்க, பழைய பதிவு ரொம்ப நாள் இருக்காது. நம்பர் கெடைச்சிட்டா அந்த 50,000 பேச்சை விட்டுட்டு புளியரைத் தங்கச்சிக்குப் போட்ட கணக்கை எடுத்துக்கிட்டு என்கிட்ட வாங்க.